கூட்டிய ஒரு மணி

ரென், பிப்ரவரி 3

புது வேலையில் என் பொறுப்பில் இருப்பவர்கள் குழந்தைகள் இல்லை, அண்ணா. இருபது வயதுக்காரர்கள். பதினான்கு பேர். அமெரிக்காவிலிருந்து ஆறு மாதம் பிரெஞ்சு படிக்க வந்திருக்கிறார்கள். வாரநாட்களில் அவர்களுக்கு வகுப்பு. சனிக்கிழமைகளில் நான். கோட்டை, சந்தை, கடற்கரை என்று எங்காவது பேருந்தில் கூட்டிப்போய், எண்ணி, திருப்பிக் கொண்டுவர வேண்டும். எண்ணுவதுதான் வேலையில் முக்கால் பங்கு.

நீ சௌக்கியமா? கிரெனோபிளில் பனி எவ்வளவு? நான் சௌக்கியம். மூக்கு மட்டும் ஒழுகுகிறது.

வேலை எப்படிக் கிடைத்தது என்று அம்மா கேட்டால், கடலால் கிடைத்தது என்று சொல். இந்தப் படிப்பு நிகழ்ச்சியின் இயக்குநர் பெயர் மதாம் தெரோஸியே. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"கடல் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"நான் கான்கால் பொண்ணு, மதாம். நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே கடல் ஏறுற நேரம் இறங்குற நேரம் கத்துக்கிட்டவ."

பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் உடனே பேனாவை எடுத்தார்.

இது ஜூன் வரைக்கும்தான். அதன் பிறகு மூன்று வருட இடம் ஒன்று காலியாகிறது. அது எனக்குக் கிடைத்தால் இங்கேயே அறை எடுத்து, உப்புவரி ஆய்வேட்டை முடித்துவிடுவேன். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு. அப்பாவின் கொட்டகையில் நாள் முழுக்கச் சிப்பி தரம் பிரிக்க வேண்டியதுதான். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். அண்ணா, எனக்கு அந்த இடம் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். முத்தங்களுடன்,
சோலேன்


கிரெனோபிள், பிப்ரவரி 11

அன்புள்ள கடல்கன்னிக்கு,

எண்ணும்போது உன்னையும் சேர்த்து எண்ணு. சின்ன வயதில் சந்தையில் தொலைந்துபோனது நீதான், அமெரிக்கர்கள் இல்லை.

நான் நலம். கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் பெட்டிகளுக்கு எண்ணெய் போடுகிறேன். சுற்றுலாக்காரர்கள் மேலே போகிறார்கள், கீழே வருகிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. மலை ரொம்பச் சுலபம். கடல் மாதிரி நேரத்துக்கு ஒரு குணம் கிடையாது. காலையில் வைத்த இடத்திலேயே மாலையிலும் இருக்கும்.

அந்த இடம் உனக்குத்தான் கிடைக்கும். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூக்குக்கு வெந்நீர் ஆவி பிடி.
மாலோ


ரென், மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

மூக்கு நின்றுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

சனிக்கிழமை தினான் நகரத்துக்குப் போனோம். மதில்மேல் நடந்தோம். பசங்கள் ஊரையே படம் எடுத்தார்கள். சாப்பிடலாம் என்று இறங்கியபோது மணி இரண்டே கால். இரண்டு மணிக்கு மேல் இங்கே எந்த உணவகத்திலும் அடுப்பு எரியாது. உனக்குத் தெரியும், நான் மறந்துவிட்டேன்.

முதல் உணவகத்தில் சமையல்காரர் வாசலிலேயே நின்று புகைத்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு பேர்" என்றேன்.

"நாளைக்கா?"

"இப்ப."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மதுமுவாசேல், இவங்க வெளிநாட்டுக்காரங்க, சரி. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

ஐந்து உணவகங்கள். ஐந்து கைக்கடிகாரங்கள். கடைசியில் மருந்துக்கடையில் இருமல் மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டார்கள். டேரல் என்றொரு பையன் இருக்கிறான், கம்பு மாதிரி உயரம். அவன் எலுமிச்சை, தேன் இரண்டு ருசியும் பரவாயில்லை என்றான். ஆங்கிலத்தில் சொன்னான். அதனால் பையைச் சுமந்தான். எங்கள் விதி அதுதான்: சனிக்கிழமைகளில் யார் வாயிலிருந்து ஆங்கிலம் வருகிறதோ அவர் சாப்பாட்டுப் பையைச் சுமக்க வேண்டும். டேரலுக்கு ஒரு தோள் இறங்கிவிட்டது. கிர்ஸ்டன் என்ற பெண் மட்டும் ஒரு நாளும் சுமந்ததில்லை. அவள் பேசுவதே இல்லை. "ஆமாம்", "இல்லை", "நன்றி". ஒரு மாதமாக இந்த மூன்றும்தான்.

மதாம் என் அறிக்கையில் 'இருமல் மிட்டாய்' என்பதன் கீழ் கோடு போட்டார். சிவப்பில்.

உன் கடிதத்தில் எழுத்து ஏன் சரிந்து கிடக்கிறது? படுத்துக்கொண்டா எழுதினாய்?

சோலேன்


கிரெனோபிள், மார்ச் 27

சோலேன்,

தாமதத்துக்கு மன்னிப்பு. மேசை தூரத்தில் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா சூப் கொண்டுவந்து தருகிறார். நல்ல சூப்.

இரண்டே காலுக்குச் சாப்பாடு கேட்ட விஷயத்தை அம்மாவுக்கு எழுதாதே. குடும்ப மானம்.

மாலோ


ரென், ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணா,

நலமா? இங்கே எல்லாரும் நலம். எல்லாரும். பதினான்கு பேரும்.

சனிக்கிழமை கரோஷ் தீவுக்குப் போனோம். உனக்குத் தெரிந்த இடம்தான். கடல் இறங்கினால் கல்பாதை தெரியும், நடந்தே போகலாம். காலை பத்துக்குப் பாதையைக் கடந்தோம். பன்னிரண்டுக்குச் சாப்பாடு: ரொட்டி, பன்றித்தொடை, ஆப்பிள். பிறகு இயற்கையைக் கவனித்தோம். அந்தி மிக அழகாக இருந்தது. எட்டரைக்குப் பேருந்தில் ஏறினோம்.

மாணவர்களின் பிரெஞ்சு நன்றாக முன்னேறியிருக்கிறது.

அறிக்கையை மதாம் இரண்டு தடவை படித்தாராம். சிவப்புக் கோடு இல்லை.

சூப்பைத் தவிர வேறு எதுவும் சாப்பிடுகிறாயா?

முத்தங்களுடன்,
சோலேன்


கிரெனோபிள், ஏப்ரல் 25

சோலேன்,

பன்னிரண்டுக்குச் சாப்பாடு. எட்டரைக்குப் பேருந்து. நடுவில் இயற்கை.

எட்டரை மணி நேரம் இயற்கையைக் கவனிக்கிற ஆள் நம் வீட்டில் இதுவரை பிறக்கவில்லை. அந்தத் தீவில் இருப்பது ஒரு இடிந்த குடிசை, கொஞ்சம் புல், கோபக்காரக் கடற்காகங்கள். எதைக் கவனித்தீர்கள்?

நான் நலமா என்று கேட்டிருக்கிறாய். முதலில் நீ பதில் சொல்.

மாலோ


ரென், ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணா,

கடற்காகங்களை.

நாளை மே முதல் நாள், விடுமுறை. வெள்ளிக்கிழமையும் சேர்த்து யாரும் வேலைக்கு வர மாட்டார்கள். அன்று எல்லாரும் கொடுத்துக்கொள்ளும் வெள்ளை மணிப்பூக் கொத்து ஒன்று உனக்காக வாங்கி என் சன்னலில் வைக்கிறேன்.

சோலேன்


கிரெனோபிள், மே 3

பாதை எத்தனை மணிக்கு மூடியது?

மாலோ


ரென், மே 8

ஒன்றரைக்கு.

சரி. சொல்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், ஏனென்றால் இதைப் படிக்க நீ நலமாக இருக்க வேண்டும்.

வீட்டுச் சமையலறையில் தொங்கும் கடல்நேர நாட்காட்டி நினைவிருக்கிறதா? படகுச் சாமான் கடையில் வருடா வருடம் கொடுப்பது. அதில் வருடம் முழுக்கக் குளிர்கால நேரம்தான் போட்டிருக்கும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊரே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும், நாட்காட்டி தள்ளாது. அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "ஒண்ணைக் கூட்டுங்கடா! கூட்டாமப் போய் நிக்காதீங்க!" ஆறு வயதிலிருந்து கூட்டுகிறேன். கேள்வி கேட்காமல் கூட்டுகிறேன்.

ரென் பத்திரிகைக் கடையில் நான் வாங்கிய கடல்நேரச் சிறு புத்தகத்தில் ஏற்கெனவே கூட்டியிருக்கிறார்கள். பின்னட்டையில் எறும்பளவு எழுத்தில் சொல்லியும் இருக்கிறார்கள். கடலோரத்தில் பிறந்தவள் பின்னட்டையைப் படிப்பாளா?

ஒன்றரைக்குப் பாதை மூடும் என்று போட்டிருந்தது. என் கை தானாகக் கூட்டியது. இரண்டரை. இரண்டு மணிக்கு எல்லாரையும் எண்ணி, பெருமையாகக் கீழே இறங்கினேன். பாதை இல்லை. தண்ணீர் இருந்தது.

"பாதை எங்க போச்சு?" என்றான் டேரல்.

"கீழதான் இருக்கு."

"எப்ப மேல வரும்?"

"எட்டு மணிக்கு."

"காலைலயா, சாயங்காலமா?"

உள்ளூர்க்காரிக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு, அண்ணா. வேறு யாராக இருந்தாலும் போட்டதைப் போட்டபடி நம்பியிருப்பார்கள்.

அக்கரையில் பேருந்து ஓட்டுநர் முசியே போதேன் இடுப்பில் கை வைத்து நின்றார். காற்று அவர் குரலை முழுசாகக் கொண்டுவந்தது. "மதுமுவாசேல்! நீங்க கான்கால்காரிதானே?" பிறகு மீட்புப் படகைக் கூப்பிடட்டுமா என்று சைகை காட்டினார். இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றேன். தீவு மூழ்காது, ஆபத்து இல்லை. அது உண்மை. படகு வந்தால் மதாமுக்குத் தெரிந்துவிடும். அதுவும் உண்மை. போதேன் புல்லில் படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆறு மணி நேரம். கழிவறை கிடையாது. குடிசைக்குப் பின்னால் பெண்கள், மேற்குப் பாறைக்குப் பின்னால் ஆண்கள், நடுவில் குடையோடு நான். நாலு மணிக்குக் குளிர். ஐந்து மணிக்குப் பசி. பாறையிலிருந்து ஓட்டுநத்தை பெயர்த்துக் கொடுத்தேன். டேரல் ஒன்றைப் பச்சையாக மென்றான். இருமல் மிட்டாயே மேல் என்றான். பிரெஞ்சில் சொன்னான்.

ஐந்தரைக்குக் கிர்ஸ்டன் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"நீங்க ரெண்டரைன்னு சொன்னீங்க. நாங்க நம்பினோம். நான் காலைலயே கேட்டேன், தண்ணி சீக்கிரம் வந்துட்டா என்ன பண்றதுன்னு. நீங்க சிரிச்சீங்க! எனக்குப் பசிக்குது, பாதம் ஈரம், அந்தப் பறவை என்னைக் கொத்த வந்துச்சு, இது எல்லாத்துக்கும் காரணம் நீங்க!"

ஒரு பிழை இல்லை, அண்ணா. காலங்கள் எல்லாம் அதனதன் இடத்தில். என்னை அறியாமல் "பிரமாதம்" என்றேன்.

"பிரமாதமா? இதுல எது பிரமாதம்?" என்று இன்னொரு பத்து நிமிடம் திட்டினாள். அதுவும் பிழையில்லாமல். மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. திட்டுவதற்கு அந்தத் தீவில் இருந்தது நான் ஒருத்திதான். நான் ஒருத்திதான் பிரெஞ்சுக்காரி. பதினான்கு பேரும் முறைவைத்துத் திட்டினார்கள். எட்டு மணிக்குப் பாதை வந்தபோது டேரல் கேட்டான், "அதுக்குள்ளயா?"

இனி வெட்கக்கேடான பகுதி. அறிக்கையில் 'ஆறு மணி நேரத் திட்டமிட்ட மொழி முகாம்' என்று எழுதினேன். ஒரே ஒரு சொல் பொய். 'திட்டமிட்ட'.

மறுவாரம் பேச்சுத் தேர்வு. பதினான்கு பேருக்கும் மதிப்பெண் ஏறிவிட்டது. மதாம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "பதினெட்டு வருஷமா இந்த நிகழ்ச்சிய நடத்துறேன். யாருக்கும் இது தோணலையே!" என்றார். இனி வருடாவருடம் கரோஷ் தீவு. எப்படித் திட்டமிடுவது என்று நான் குறிப்பு எழுதித் தர வேண்டும். அது மட்டுமில்லை. மே 24 அன்று அமெரிக்காவிலிருந்து நிகழ்ச்சியின் அறங்காவலர்கள் வருகிறார்கள். எட்டுப் பேர். அவர்களில் இளையவருக்கு அறுபத்தெட்டு வயது. அவர்களும் அதே ஆறு மணி நேரத்தை அனுபவிக்க வேண்டுமாம்.

"அந்த மூணு வருஷ இடம்… உங்களுக்குத்தான்னு வெச்சுக்கங்களேன்" என்றார் மதாம்.

என்ன செய்யட்டும்?

சோலேன்


கிரெனோபிள், மே 12

அன்புள்ள சோலேன்,

வாயைத் திறக்காதே.

24ஆம் தேதி மழை என்று சொல். வயிற்றுவலி என்று சொல். தீவில் கடற்காகம் முட்டையிட்டிருக்கிறது, யாரும் போகக் கூடாது என்று சொல். ஒரு சொல்தானே பொய், அதை ஜூன் வரைக்கும் தாங்கு. கையெழுத்து ஆனபிறகு உண்மையைச் சொல்லலாம். அல்லது சொல்லாமலும் இருக்கலாம்.

நீ சொன்னதால் நானும் சொல்கிறேன். பிப்ரவரி 9லிருந்து என் வலது கால் மாவுக்கட்டில் இருக்கிறது. பனிச்சறுக்கு இல்லை. புயல் இல்லை. நின்றுகொண்டிருந்த பெட்டியிலிருந்து இறங்கினேன். தரைக்கு அரை அடி உயரம். அதற்குத்தான் எண்ணெய் போட்டிருந்தேன், இறங்கும் படிக்கும் சேர்த்து. மலை சுலபம் என்று அப்பாவிடம் சவால் விட்டு வந்தவன் நான். வீட்டில் மூச்சுவிடாதே.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா சூப்பை நிறுத்திவிடுவாரோ என்றுதான் கவலை.

நம் வீட்டில் யாருமே பின்னட்டையைப் படித்ததில்லை. வருந்தாதே.

மாலோ


ரென், ஜூன் 5

அன்புள்ள அண்ணா,

கால் எப்படி இருக்கிறது? நடக்கிறாயா? அரை அடி உயரத்தைக் கண்டால் சுற்றிப் போ.

வாயைத் திறந்துவிட்டேன். இரண்டு தடவை.

முதல் தடவை, அறங்காவலர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, மதாம் அறையில். குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'மாணவர்களிடம் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லவும்' என்று எழுதவேண்டி வந்தது. கை நின்றுவிட்டது. அடுத்த வருடம் யாரோ ஒருவர் இதை நம்பிப் போவார். எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாட்காட்டி, பின்னட்டை, படகு வேண்டாம் என்று ஆட்டிய இரண்டு கை.

மதாம் இழுப்பறையைத் திறந்தார். வழவழப்பான அறிமுகப் புத்தகம். நடுப்பக்கத்தில் கரோஷ் தீவு.

"அச்சாயிடுச்சு, மதுமுவாசேல்."

"ஆனா, மதாம்…"

"எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். நீங்க சொன்னது எதுவும் விழல. விழுந்திருந்தா சனிக்கிழமை என்னால அங்க வர முடியாது. அதனால விழல."

இரண்டாவது தடவை, சனிக்கிழமை காலை, கல்பாதையின் தொடக்கத்தில். எட்டுக் கிழவர் கிழவிகள். எட்டு மடக்கு நாற்காலிகள். மதாம் புதுத் தொப்பியில். திருமதி ஹால்வர்சன் என்பவருக்கு எழுபத்தொன்பது வயது, கையில் ஊன்றுகோல். அவர் மட்டும்தான் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"ஏம்மா, அங்க கழிவறை எந்தப் பக்கம்?"

மழை வரவில்லை. வயிற்றுவலியும் வரவில்லை. முசியே போதேன் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பதுபோல் அருகில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கமும் இல்ல" என்றேன். "போன தடவையும் இல்ல. அது முகாமும் இல்ல. நான் நேரத்தைத் தப்பாக் கூட்டி, பதினாலு பேரை ஆறு மணி நேரம் மாட்டிவிட்டுட்டேன். பிறகு பொய் எழுதினேன்."

காற்று. எட்டு முகங்கள். திருமதி ஹால்வர்சன் மெல்ல மதாம் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

மதாமின் தொப்பியைக் காற்று தூக்கியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். தெரியாது என்று சொல்ல ஒரு கணம் போதும். அந்தக் கணத்தை நான் பார்த்தேன்.

"வியாழக்கிழமை தெரிஞ்சுது" என்றார். "கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

"அப்ப ரெண்டு பேருமா எங்களைப் பாறைமேல உக்கார வெக்கப் பார்த்தீங்க?"

"ஆமா."

கிழவி என் கையிலிருந்து கடல்நேரப் புத்தகத்தை வாங்கினார். பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து, பின்னட்டையை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். அச்சகத்தின் முகவரி உட்பட. பிறகு எல்லாரும் போய், முக்கால் மணி நேரம் தீவைப் பார்த்து, திரும்பி வந்தோம். பன்னிரண்டரைக்கு உணவகத்தில் இருந்தோம். சமையல்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். சிப்பிகள் இரண்டாம் தரம். யாரிடமும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதாம் கூப்பிட்டார். முதலில் உட்காரச் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

"மூணு வருஷ இடத்தை பத்ரிஸ்னு ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். கடலே இல்லாத லிமோஜ்காரர். கடலைக் கண்டாலே பயம். பொடி எழுத்து ஒண்ணு விடாமப் படிக்கிறார்."

"சரிதான், மதாம்."

"சரிதான்னு எனக்குத் தெரியும்."

எழுந்தேன். கதவுவரை போனேன்.

"நில்லுங்க. ஒரு வாரமா அந்தத் தேர்வுத் தாளையெல்லாம் திரும்பப் பார்த்துட்டிருக்கேன். தீவு காரணம் இல்ல. கோபம்தான் காரணம். அவங்க யாரையாவது பிரெஞ்சில திட்ட வேண்டியிருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "செப்டம்பர்லேருந்து ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறேன். வாரத்துக்கு ஆறு மணி நேரம். மாணவர்கள் வந்து குறை சொல்லணும். எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேட்டுக்கணும். கோபப்படக் கூடாது. திருத்த மட்டும் செய்யணும்."

"எதைப் பத்திக் குறை சொல்லணும்?"

"பிரான்ஸைப் பத்தி. போதாதா?"

பாதிச் சம்பளம். ஒரு வருடம். இந்த அறையை விட்டு மேல்மாடியில் சரிந்த கூரைக்குக் கீழே ஒன்றுக்குப் போக வேண்டும். ஆய்வேட்டுக்கு இடம் இருக்கும், எனக்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். முழு இடம் போனது வலிக்கிறது. இரவில் அல்ல. காலையில், பல் தேய்க்கும்போது.

கிர்ஸ்டன் ஊருக்குக் கிளம்பும்முன் வந்தாள். கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுத்து, "அந்தப் பறவையை நான் இன்னும் மன்னிக்கல" என்றாள். என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை.

உன் காலைப் பற்றி வீட்டில் நான் சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று நினைக்கிறேன். அரை அடி என்பதை மூன்று அடி ஆக்காமல் சொல்.

உடம்பைக் கவனி. சூப் தரும் அம்மாவுக்கு என் வணக்கம்.

சோலேன்

பி.கு. நேற்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கடைக்குப் போய் செப்டம்பரில் வரப்போகும் குறைகளை எழுதிக்கொள்ளக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.